மெஸ்ஸியின் சம்பளம் கணக்கில் எங்கே போகிறது?

சென்ற இதழில் பே ஸ்லிப் படிப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்தேன்: என் அக்கா மகன் கம்ப்யூட்டரில் ஆடும் ஃபுட்பால் மேனேஜர் கேமில் அமெரிக்க லீக்கை எடுத்துக்கொண்டால், எங்கள் சம்பளப் பிரிவு வேலை அப்படியே கண்முன் வந்துவிடுகிறது என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழின் பதில்கள் எல்லாம் அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவள். ஃபுட்பால் மேனேஜர், இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கும் கேம். இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் எடுக்கிறோம், சம்பளம் பேசுகிறோம், அணியை இறக்குகிறோம். கீழே வரும் எண்கள் மேஜர் லீக் சாக்கர் என்கிற எம்.எல்.எஸ். லீக்கின் 2024 பருவத்துக்கு உரியவை. வருடா வருடம் மாறும். உங்கள் கேமில் அந்த லீக்கின் விதிகள் பக்கத்தைத் திறந்து அங்கே இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுகிற முறை ஒன்றுதான்.

கேள்வி: *அக்கா, நான் போர்ட்லேண்ட் டிம்பர்ஸ் அணியை எடுத்திருக்கேன். ஒரு ஸ்ட்ரைக்கர் வருஷத்துக்கு 9 லட்சம் டாலருக்கு ஒத்துக்கிட்டான். அவனோட கிளப்புக்கு 24 லட்சம் டாலர் கொடுக்கணும், மூணு வருஷ ஒப்பந்தம். ஓனர் கொடுத்த சம்பள பட்ஜெட்ல பணம் இருக்கு. ஆனா கேம் விடமாட்டேங்குது. லீக் வரம்பே 54.7 லட்சம்னு போட்டிருக்கு. அப்படின்னா மெஸ்ஸிக்கு மட்டும் எப்படி 2 கோடி டாலர் கொடுக்கிறாங்க?*
— கல்லூரி மாணவர், கொளத்தூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு பணப்பெட்டிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைத் தனித்தனியாக வையுங்கள். ஓனர் கொடுத்தது அவர் பையிலிருந்து வரும் பணம். லீக் போட்டிருக்கும் 54,70,000 டாலர் வரம்பு, எல்லா அணிக்கும் ஒரே அளவாகப் போட்ட கோடு. ஓனர் கோடீசுவரராக இருந்தாலும் அந்தக் கோடு நகராது.

அந்தக் கோட்டுக்குள் ஏறுவது வீரர் கையில் வாங்கும் சம்பளம் அல்ல. 'பட்ஜெட் சார்ஜ்' என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ஏறும். சம்பளம் வேறு, கணக்கில் ஏறும் தொகை வேறு. எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

பி.எஃப்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பரிலிருந்து பி.எஃப். கணக்குக்கான சம்பள உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். ஒருவர் 18,000 வாங்கினாலும் சரி, ஒன்றரை லட்சம் வாங்கினாலும் சரி, வரம்போடு நிறுத்திக்கொள்ளும் கம்பெனியில் இருவருக்கும் கம்பெனி கட்டுகிற 12 சதவீதம் 15,000-க்குத்தான், அதாவது 1,800 ரூபாய். மீதிச் சம்பளம் நிஜம்தான், அவர் கைக்குப் போகிறது. ஆனால் அந்தக் கணக்கின் கண்ணுக்கு 15,000-க்கு மேல் எதுவும் தெரியாது.

எம்.எல்.எஸ்.-இல் டெசிக்னேட்டட் பிளேயர், சுருக்கமாக டி.பி., என்பது இதே ஏற்பாடு. ஒரு அணிக்கு மூன்று பேர் வரை அந்த நாற்காலியில் உட்காரலாம். அவர்கள் எவ்வளவு வாங்கினாலும் வரம்பில் ஏறுவது ஆளுக்கு 6,83,750 டாலர். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பிறகு மறக்கவே மறக்காது: 54,70,000-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு தனி ஆளின் மேல் ஏற்றக்கூடிய அதிகபட்சம், மொத்த வரம்பில் எட்டில் ஒரு பங்கு. வீரர்கள் சங்கம் வெளியிட்ட 2024 பட்டியலில் மெஸ்ஸியின் உறுதியான வருமானம் 2,04,46,667 டாலர். இன்டர் மயாமியின் கணக்கில் அதில் ஏறுவது 6,83,750 மட்டும். மீதியைக் கிளப் ஓனர்கள் தங்கள் பொறுப்பில் கொடுக்கிறார்கள்.

இந்த விதி வந்தது 2007-இல், டேவிட் பெக்கம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வந்த வருடம். அதனால் இன்றைக்கும் பலர் பெக்கம் விதி என்றே சொல்கிறார்கள். அதே பெக்கம் இப்போது மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமியின் பங்குதாரர்களில் ஒருவர்.

இப்போது உங்கள் ஸ்ட்ரைக்கருக்கு வருவோம். 9 லட்சம் சம்பளம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அவரை வாங்கக் கொடுத்த 24 லட்சத்தை விட்டுவிட்டீர்கள். அந்தத் தொகையை ஒப்பந்த வருடங்களால் வகுத்துச் சம்பளத்தோடு கூட்ட வேண்டும். ஆலையில் ஒரு இயந்திரம் வாங்கினால் அதன் விலையை ஒரே வருடச் செலவாக எழுதாமல் பல வருடங்களுக்குப் பரப்புவோமே, அது மாதிரி. மூன்று வருடத்துக்கு வருடம் 8 லட்சம். ஆக இவருடைய தொகை 17 லட்சம். டி.பி. அல்லாத ஒருவருக்கு, நான் கீழே சொல்லப்போகும் சிறப்புப் பணத்தைப் போட்டாலும், எட்டக்கூடிய உயரம் 16,83,750. நீங்கள் 16,250 டாலரில் தட்டி நிற்கிறீர்கள். அதற்கு மேல் போனால் டி.பி. நாற்காலி வேண்டும். உங்களிடம் மூன்றும் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் கேம் விடவில்லை.

வழி இருக்கிறது. பெரம்பூர் வாசகருக்கு எழுதியிருக்கும் பதிலில் உங்கள் ஸ்ட்ரைக்கரையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: *மேடம், எக்ஸெலில் எல்லா வீரர்களையும் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டேன். என் கணக்குப்படி வரம்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. கேம் மட்டும் நிறைந்துவிட்டது என்கிறது. கேமில் பிழையா?*
— மென்பொருள் ஊழியர், வேளச்சேரி

பதில்: பிழை இல்லை. உங்கள் திரையில் சம்பளம் வாரக் கணக்கில் தெரிகிறது. இங்கிலாந்தில் வாரச் சம்பளமாகப் பேசுவதுதான் வழக்கம். எம்.எல்.எஸ். வரம்போ வருடக் கணக்கு. விருப்பத் தேர்வுகள் பக்கத்தில் சம்பளத்தை வருடத்துக்கு என்று மாற்றுங்கள். நாணயம் பவுண்டில் இருந்தால் டாலருக்கு மாற்றுங்கள். 6,83,750-ஐ வாரமாக்கினால் சுமார் 13,149 டாலர்தான் வருகிறது. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து, இவ்வளவுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். தினக்கூலியையும் மாதச் சம்பளத்தையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டுவதற்கு முன்னால் பத்தியின் தலைப்பைப் படியுங்கள்.

கேள்வி: *காம், டாம் என்று இரண்டு பணம் இருக்கிறது. எத்தனை வீடியோ பார்த்தும் விளங்கவில்லை. இரண்டும் பணம்தானே, ஏன் இரண்டு பெயர்? எதை யாருக்குப் போடுவது?*
— வாசகர், பெரம்பூர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை ஒதுக்கலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். பொறுமையாகப் படியுங்கள், பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

காம் என்பது ஜெனரல் அலோகேஷன் மணி, பொது ஒதுக்கீட்டுப் பணம். டாம் என்பது டார்கெட்டட் அலோகேஷன் மணி, குறித்த காரியத்துக்கான ஒதுக்கீடு. இரண்டையும் லீக் ஒவ்வொரு அணிக்கும் தருகிறது. 2024-இல் காம் 25,85,000 டாலர், டாம் 24,00,000 டாலர். இந்தப் பணம் செய்கிற முக்கியமான வேலை, ஒரு வீரரின் பட்ஜெட் சார்ஜை இறக்குவது. 5,50,000 டாலர் ஏறும் ஒரு மிட்ஃபீல்டர் மேல் 3,50,000 காம் போட்டால், வரம்பில் அவர் 2,00,000 ஆகத் தெரிவார். அவர் கையில் வாங்குவது அதே 5,50,000. வித்தியாசத்தை இந்த ஒதுக்கீடு தாங்கிக்கொள்கிறது.

காம் பொதுவான பணம். உள்ளூர் வீரருக்கும் போடலாம், வெளிநாட்டவருக்கும் போடலாம், இன்னொரு அணியோடு பேரம் பேசும்போது கொடுக்கவும் வாங்கவும் செய்யலாம். ஒரு வீரரை வெளிநாட்டுக் கிளப்புக்கு விற்றால் அந்த வருமானத்தில் ஒரு பகுதியைக் காம் ஆக மாற்றிக்கொள்ளலாம். டாம் அப்படியில்லை. 2015-இல் வந்த இந்தப் பணம் நடுத்தட்டு ஆட்களுக்கானது. 6,83,750-க்கு மேலே, அதோடு 10 லட்சம் கூட்டிய 16,83,750 வரை வருகிற ஆட்கள். டி.பி. அளவுக்குப் பெரிய பெயர் இல்லை, சாதாரண வரம்புக்குள்ளும் அடங்கவில்லை என்றால் டாம். கல்யாணச் செலவுக்கென்று எடுத்த சீட்டுப் பணத்தில் ஸ்கூட்டர் வாங்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். டாம் அந்தச் சீட்டுப் பணம்.

ஒரே வீரர் மேல் ஒரே வருடத்தில் காமும் டாமும் சேர்த்துப் போட முடியாது. டாம் போட்டு எவ்வளவு இறக்கினாலும் 1,50,000-க்குக் கீழே போகாது. இவ்விரண்டையும் தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கொளத்தூர் தம்பியின் ஸ்ட்ரைக்கர். 9 லட்சம் சம்பளம், 24 லட்சம் வாங்கும் விலை. மூன்று வருடத்துக்குப் போட்டால் 17 லட்சம், டாம் எல்லையைத் தாண்டிவிட்டது. அதே ஆளை, அதே விலைக்கு, நான்கு வருடத்துக்குப் போடுங்கள். 24 லட்சம் நான்காகப் பிரிந்து வருடம் 6 லட்சம். 9-உம் 6-உம் 15 லட்சம். டாம் எல்லைக்குள் வந்தாயிற்று. 15,00,000-இலிருந்து 6,83,750-க்கு இறக்கக் குறைந்தது 8,16,250 டாம் வேண்டும், உங்களிடம் 24 லட்சம் இருக்கிறது. கையில் இன்னும் டாம் மிஞ்சினால் அவரை மேலும் இறக்கி வரம்பில் மற்றவர்களுக்கு இடம் பண்ணலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கூடியது, ஆள் வந்துவிட்டார். இதற்கு விலையும் உண்டு. நாலாவது வருடம் அவர் கால் தேய்ந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்த 15 லட்சம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 24 வயது ஆளுக்கு இதைச் செய்யலாம். 31 வயது ஆளுக்கு நான் செய்யமாட்டேன்.

இன்னொன்று, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். வரம்பு 54.7 லட்சம், காம் 25.85, டாம் 24. மூன்றையும் கூட்டினால் 104.55 லட்சம். அதாவது வரம்பு என்று சொல்லப்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உங்கள் கையில் இருக்கிறது, டி.பி.க்களின் கூடுதல் சம்பளத்தைச் சேர்க்காமலே. காம், டாம் புரியவில்லை என்று அதைத் தொடாமல் விடுகிறவர், பாதிச் சம்பளத்தை வங்கியிலேயே விட்டுவிட்டுக் கடன் கேட்டு அலைகிறவர். என் அக்கா மகன் இரண்டு பருவம் அப்படித்தான் ஆடினான். அணி கடைசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் ஆளாகப் பட்டியல் போட்டோம். அன்றைக்குத்தான் எனக்கும் இந்த விளையாட்டின் மேல் பிடிப்பு வந்தது.

கேள்வி: *மூன்று டி.பி. நாற்காலியையும் நிரப்பியே ஆக வேண்டுமா?*
— வாசகி, நங்கநல்லூர்

பதில்: கட்டாயம் இல்லை. மூன்று முழு டி.பி. வைத்தால் 20,51,250 போய்விடும். மீதி 34,18,750. வரம்பில் ஏறும் சீனியர் இடங்கள் 20. மிச்சம் 17 பேருக்குப் பிரித்தால் சராசரி சுமார் 2,01,000. மூன்றாவது நாற்காலியில் 21-இலிருந்து 23 வயதுக்குள் ஒருவரை உட்கார வையுங்கள். இளைய டி.பி.யாக அவர் மேல் ஏறுவது 2,00,000 மட்டும், 20 வயதோ அதற்குக் கீழோ என்றால் 1,50,000. அப்போது அதே 17 பேரின் சராசரி சுமார் 2,29,500 ஆகிறது. ஆளுக்கு 28,000 டாலருக்கு மேல் கூடுகிறது. இந்த லீக்கில் ஒரு நல்ல ரைட் பேக்குக்கும் சுமாரான ரைட் பேக்குக்கும் நடுவே இருப்பது அதுபோன்ற தொகைதான். நான் எப்போதும் இரண்டு பெரியவர், ஒரு சின்னவர் கட்சி.

கேள்வி: *என் மகன் பிளஸ் டூ காமர்ஸ். ராத்திரி ஒரு மணி வரை இந்தக் கேம். கேட்டால் "இது அக்கவுன்டன்ஸிம்மா" என்கிறான். உங்கள் கட்டுரையைக் காட்டி வாதாடுகிறான். நீங்களே சொல்லுங்கள்.*
— ஒரு தாய், ஆதம்பாக்கம்

பதில்: அம்மா, அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு செலவைப் பல வருடங்களுக்குப் பரப்புவது, ஒதுக்கிய பணத்தை ஒதுக்கிய காரியத்துக்கே செலவழிப்பது, உச்சவரம்பு, வருடக் கணக்கு எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் உண்மையாகவே கணக்குப் போடுகிறானா, அல்லது கேம் சிவப்பில் காட்டும்போது ஆளை விற்றுவிட்டு நகர்ந்துவிடுகிறானா என்று நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அவன் அணியின் 20 பேரையும் எழுதச் சொல்லுங்கள்: பெயர், வயது, சம்பளம், வாங்கிய விலை, ஒப்பந்த வருடம், கணக்கில் ஏறும் தொகை. கடைசிப் பத்தியைக் கேமைப் பார்க்காமல் அவனே போட வேண்டும். சரியாக வந்தால் அவனுக்கு நன்றாக வருகிறது, சந்தோஷப்படுங்கள்.

அதற்காக ஒரு மணி வரை முழித்திருப்பது சரியில்லை. பொதுத்தேர்வு முடியும் வரை வாரத்துக்கு ஒரு நாள் போதும். சேவ் பண்ணிய ஆட்டம் எங்கேயும் ஓடிப்போகாது. தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும், உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: *இவ்வளவு சிக்கலான விதிகள் நிஜமாகவே அந்த லீக்கில் இருக்கின்றனவா, கேம் செய்தவர்கள் போட்டதா? நிஜம் என்றால் ஏன் இப்படி?*
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், திருவொற்றியூர்

பதில்: நிஜம்தான், ஐயா. அமெரிக்காவில் 1968 முதல் 1984 வரை என்.ஏ.எஸ்.எல். என்றொரு லீக் நடந்தது. பெலே 1975-இல் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்குப் போனது அந்த லீக்கில்தான். காஸ்மாஸ் செலவழித்த வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்து மற்ற அணிகள் மூச்சுத் திணறின. கடைசியில் லீக்கே மூடப்பட்டது. 1994 உலகக் கோப்பையை நடத்திய பிறகு 1996-இல் பத்து அணிகளோடு எம்.எல்.எஸ். தொடங்கியபோது, அந்தச் சூடு அவர்களுக்கு ஆறவில்லை. அதனால் வீரரின் ஒப்பந்தம் கிளப்போடு அல்ல, லீக்கோடுதான் என்று வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரம்பு. பிறகு பெக்கம் போன்றவரைக் கொண்டுவர ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது. நடுத்தட்டு ஆட்களுக்கு இன்னொரு கதவு. இளைஞர்களுக்கு மற்றொன்று. பழைய வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக அறை சேர்த்துக்கொண்டே போவார்களே, அந்த வீடு மாதிரி ஆகிவிட்டது விதிப் புத்தகம். ஒவ்வொரு அறையும் எப்போது, யாருக்காகக் கட்டியது என்று தெரிந்தால் வழி தவறாது.

அங்கே கணக்கைத் தப்பாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020-இல் இன்டர் மயாமி, பிரான்ஸின் பிளெய்ஸ் மத்துய்தியை டி.பி. அல்லாதவராகப் பதிவு செய்தது. லீக் விசாரித்தபோது, அவரும் ஆந்த்ரேஸ் ரேயஸும் டி.பி.யாகக் கணக்கில் வந்திருக்க வேண்டியவர்கள் என்றும், வேறு மூன்று பேரின் சம்பளம் குறைத்துக் காட்டப்பட்டது என்றும் தெரிந்தது. 2021-இல் கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம், உரிமையாளர் ஹோர்ஹே மாஸுக்குத் தனியாக 2,50,000 டாலர். 2022, 2023 வருடங்களின் ஒதுக்கீட்டுப் பணத்தில் 22,71,250 டாலர் வெட்டு. அபராதத்தைப் பணக்கார ஓனர் கட்டிவிட்டுப் போகலாம். அந்த வெட்டுதான் வலிக்கிற தண்டனை, காம் டாம் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. 2012-இல் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் சேரச் சம்பள வரம்பு 15,000 ரூபாய். எங்கள் பெயின்ட் பிரிவில் 14,200 வாங்கிய ஒருவர், அந்த மாதம் ஓவர்டைம் சேர்த்து 15,700 எடுத்தார். வரம்பைத் தாண்டிவிட்டார் என்று அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இ.எஸ்.ஐ.-யில் ஓவர்டைமுக்குச் சந்தா பிடிக்க வேண்டும், ஆனால் ஒருவர் வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. அவர் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். என் மேலதிகாரி மாதக் கடைசியில் பட்டியலைச் சரிபார்த்ததால் பெயர் திரும்ப ஏறியது. பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பிரசவச் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கும். எது கணக்கில் ஏறும், எது ஏறாது என்று முதலில் கேட்காமல் நான் இன்றுவரை எந்தக் கூட்டலையும் தொடங்குவதில்லை. கேமாக இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: *ஒரு பிரேசில் வீரரை எடுக்கப் பார்த்தேன். வெளிநாட்டு இடம் இல்லை என்கிறது. ஆனால் அணியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு அர்ஜென்டினாக்காரர் வெளிநாட்டவர் கணக்கில் இல்லை. எப்படி?*
— வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: அவர் கிரீன் கார்டு வாங்கியிருப்பார். அமெரிக்க அணிகளில் கிரீன் கார்டு இருந்தால் உள்ளூர் ஆள் கணக்கு. வெளிநாட்டு இடங்கள் அணிக்கு எட்டு என்று கொடுக்கப்படுகின்றன, அவற்றை அணிகள் தங்களுக்குள் விற்கவும் வாங்கவும் செய்யலாம். காம் கொடுத்து ஓர் இடம் வாங்குங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அங்கே கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், அது சீக்கிரம் வருகிற விஷயம் இல்லை என்பதும் தெரியும்.

கேள்வி: *அக்கா, சாயங்காலத்துல பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன். அவங்களோட சேர்ந்துதான் இந்தக் கேம் ஆடுறேன். பெரிய ஆளுங்க கதையாவே இருக்கே, ஏரியா பசங்களுக்கு இந்த விதியில இடம் இருக்கா? யூரோப்ல, நம்ம ஊர்ல எல்லாம் எப்படி?*
— பயிற்சியாளர், வியாசர்பாடி

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைத்தான் கடைசி வரை கையில் வைத்திருந்தேன்.

எம்.எல்.எஸ். அணியில் மொத்தம் 30 இடங்கள். வரம்பில் ஏறுவது முதல் 20 பேர் மட்டும். 21-இலிருந்து 30 வரை உள்ளவர்களின் சம்பளம் வரம்பில் ஒரு டாலர்கூட ஏறாது. அந்த இடங்கள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களுக்கும், அணியின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையன்களுக்கும் உரியவை. 2024-இல் சீனியர் குறைந்தபட்சம் வருடத்துக்கு 89,716 டாலர், இளைஞர்களுக்கான ரிசர்வ் குறைந்தபட்சம் 71,401. சொந்த அகாடமியிலிருந்து ஒரு லெஃப்ட் பேக்கை வளர்த்து அந்த இடத்தில் வைத்து ஆடவிட்டால், மேலே சராசரி 2,01,000 கொடுத்து எடுக்க வேண்டிய ஒரு ஆளின் இடம் வரம்புக்குள் மிச்சமாகிறது. அந்தப் பணத்தில் மிட்ஃபீல்டில் ஒரு நல்ல ஆள் வருவார். ஏரியா பையனுக்கு இந்த விதியில் இடம் இருக்கிறது. இன்னும் சொன்னால், அவன்தான் அந்த அணியின் கணக்கையே தாங்குகிறான். மெஸ்ஸி போன்றவர்களால் அணிக்குப் பெயர் வருகிறது, இந்தப் பையன்களால் மெஸ்ஸிக்குப் பக்கத்தில் ஆட நல்ல ஆட்கள் வருகிறார்கள்.

22 வயது வரையிலான இளைஞர்களுக்கு 2021-இல் யு22 என்று ஓர் ஏற்பாடும் வந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த விலை கணக்கில் ஏறாது, ஆள் மேல் ஏறுவது 1,50,000 அல்லது 2,00,000. நிஜ லீக்கில் 2024 ஜூலையிலிருந்து, மூன்று டி.பி.யோடு மூன்று யு22 வைப்பதா, அல்லது இரண்டு டி.பி.யோடு நான்கு யு22-உம் 20 லட்சம் டாலர் வரை கூடுதல் காமும் வாங்கிக்கொள்வதா என்று அணியே தேர்ந்தெடுக்கலாம். பழைய கேமில் அது இருக்காது.

யூரோப்பில் எல்லோருக்கும் ஒரே கோடு என்ற பேச்சே இல்லை. ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்புக்கும் அதன் வருமானம், கடன் பார்த்துத் தனி வரம்பு. 2021 ஆகஸ்டில் பார்சிலோனா மெஸ்ஸியோடு புது ஒப்பந்தம் பதிவு செய்ய முடியாமல் போனது அதனால்தான். யூரோப்பின் ஃபுட்பால் அமைப்பான யூஈஎஃப்ஏ நடத்தும் போட்டிகளில், ஆட்களுக்கான செலவு வருமானத்தில் 2023-24-இல் 90 சதவீதம், அடுத்த பருவம் 80, 2025-26-இலிருந்து 70 சதவீதம் என்று இறக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அமெரிக்க முறைதான் பிடிக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அளவுகோல், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அளவுகோல் என்று அதில் இல்லை.

நம் இந்தியன் சூப்பர் லீக்கிலும் சம்பள வரம்பு உண்டு. 2015-இலும் 2017-18 பருவத்திலும் சென்னையின் எஃப்.சி. கோப்பை எடுத்தது, எல்லா அணியின் செலவுக்கும் அளவு வைத்த அந்த லீக்கில்தான். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் இருக்கும் நாளில் பசங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். இடைவேளையில், களத்தில் ஆடும் 11 பேரில் யார் மேல் அணி அதிகம் செலவழித்திருக்கும், யார் அகாடமியில் வளர்ந்து வந்திருப்பார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். என் அக்கா மகனும் நானும் அப்படித்தான் பார்க்கிறோம்.

கேள்வி: *ஜூலையில் ஒரு டி.பி. வாங்கினால் முழுத் தொகையும் ஏறுமா?*
— வாசகர், தாம்பரம்

பதில்: ஏறாது. பருவத்தின் நடுவில் வருகிறவர் என்பதால் பாதி: 3,41,875 டாலர். அடுத்த ஜனவரியில் முழுத் தொகைக்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.